விலாவில் கைவைத்து நடப்பவர்களுக்கு

பெங்களூர் மல்லேஸ்வரத்திலும் அக்கம்பக்கத்திலும் இருந்துகொண்டு, விலாவலிக்குக் காரணம் என்னவென்று இன்னும் தெரியாமல் நாட்களைக் கடத்திவரும் எல்லோருக்கும் இந்த மடல்.

உங்களில் பெரும்பாலோரின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் பார்த்தால் தெரிந்துவிடும். சாங்கி ஏரியைச் சுற்றி நடக்கும்போது சட்டென்று நின்று, மார்புக்குக் கீழே இரண்டு விரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி நடப்பவர். எட்டாவது கிராஸில் காய்கறி வாங்கிக்கொண்டு, பையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பிடிப்பவர். மார்கோசா ரோட்டில் ஆட்டோ பள்ளத்தில் இறங்கப்போகிறது என்றதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்பவர். தும்மல் வருவது தெரிந்தால் பயப்படுகிறவர். நானும் உங்களில் ஒருத்தி. எனக்கு வலது கீழ்விலா. சில வாரம் ஓய்ந்திருக்கும். பிறகு ஒரு நாள் படுக்கையில் புரண்டு படுத்ததும் குத்தும். ஈசிஜி, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாயிற்று. எதிலும் குறை இல்லை.

நான் மருத்துவர் இல்லை. வலியோடு இருந்துகொண்டு, அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவள். உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்: காரணம் தெரிந்த பிறகுதான் வாழ்க்கை என்று எதையும் தள்ளிப்போடாதீர்கள், யாரோ "ஒன்றுமில்லை" என்று சொன்னதற்காகத் தேடுவதையும் விட்டுவிடாதீர்கள். இரண்டையும் சேர்த்தே செய்யலாம். எப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

முதலில் இதயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். இந்தப் பகுதியில் நெஞ்சுக்கு அருகே எது வலித்தாலும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே முகம்தான். 2021 அக்டோபர் 29 அன்று நடிகர் புனீத் ராஜ்குமார் மாரடைப்பால் இறந்தார். வயது 46. வீடு சதாசிவநகரில், நாம் நடக்கும் சாங்கி ஏரிக்கு அந்தப் பக்கம். உடற்பயிற்சிக்குப் பெயர்போனவருக்கே இப்படி என்றதும் ஊரே கலங்கிவிட்டது. அடுத்து வந்த நாட்களில் ஜெயதேவா இதயநோய் மருத்துவமனையில் பரிசோதனைக்கு வந்து குவிந்த கூட்டத்தைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். இளைஞர்கள்கூட வரிசையில் நின்றார்கள். அதைச் சிலர் வீண்பயம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில் தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வந்த சராசரி வயது 53. மற்ற நாட்டவர்க்கு அது ஏறக்குறைய 59. நம் இதயம் நமக்கு முன்கூட்டியே கணக்குக் கேட்கிறது. ஆகவே, நெஞ்சுப் பக்கத்தில் புதிதாக வலி வந்தால் முதலில் இதயத்தைப் பார்த்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. நெஞ்சை அழுத்திப் பிசைவதுபோன்ற வலி, அது தோளுக்கோ தாடைக்கோ கைக்கோ பரவுவது, கூடவே வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் இந்த மடலை மூடிவைத்துவிட்டு 108ஐ அழையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு இந்த அடையாளங்கள் இல்லாமலும் வரும். வெறும் அசதியும் வாந்தியும் மூச்சிரைப்புமாகவே வந்து போனவை உண்டு. "அழுத்தினால் வலிக்கிறது, அதனால் இது இதயம் இல்லை" என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு கட்டவும் கூடாது.

பெங்களூரில் இன்னொரு பழக்கம். நெஞ்சிலோ விலாவிலோ எது வந்தாலும் "கேஸ்ட்ரிக்" என்று சொல்லிவிடுவோம். பக்கத்து வீட்டு ஆன்ட்டி சொல்வார், மருந்துக்கடைப் பையன் சொல்வான், நாமே சொல்லிக்கொள்வோம். ஓமத் தண்ணீர், சோடா, அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை என்று மாதக்கணக்கில் ஓடும். உணவுக்குழாய் எரிச்சல் நெஞ்சுவலியாக வருவது உண்மைதான். ஆனால் ஒரு சொல்லுக்குள் எல்லா வலியையும் போட்டு மூடிவிட்டால், பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் விட்டுவிடுவோம்.

இனி, நம்மில் பலர் நிற்கும் இடத்துக்கு வருகிறேன். இதயம் சரி, நுரையீரல் சரி, பித்தப்பையில் கல் இல்லை. மருத்துவர் காகிதங்களை அடுக்கித் திருப்பித் தருகிறார்: "ஏனூ இல்லா, ஆராமாகிரி" (ஒன்றுமில்லை, நிம்மதியாக இருங்கள்). அந்த நேரத்தில் முதலில் நிம்மதி வரும். வாசலைத் தாண்டி சம்பிகே ரோட்டுக்கு வருவதற்குள், அப்படியானால் இந்த வலி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வந்துவிடும். அன்று இரவு வலி குறைவதில்லை. சிலருக்குக் கூடவும் செய்யும். இது மனக்கோளாறு அல்ல, மனித மூளையின் இயல்பு. 2016இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் 45 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். திரையில் பாறைகள் தெரியும். எந்தப் பாறைக்கு அடியில் பாம்பு இருக்கும் என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. அதிர்ச்சி நிச்சயம் என்று தெரிந்தபோது இருந்ததைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று பாதிக்குப் பாதி வாய்ப்பில் இருந்தபோதுதான் அவர்களுக்கு அதிகம் வியர்த்தது, கண்ணின் பாவை அதிகம் விரிந்தது. வலி கட்டாயம் வரும் என்பதைவிட, வருமா வராதா என்பதே உடம்பைக் கூடுதலாக வாட்டுகிறது. கெட்ட செய்தியாகவே இருந்தாலும் பரவாயில்லை, ஏதாவது ஒன்று தெரிந்தால் போதும் என்று உங்களில் யாராவது ஒரு ராத்திரியாவது நினைத்திருந்தால், அதற்காக உங்களைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

காரணம் ஏன் பிடிபடுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நமக்கு விலா எலும்பு 12 ஜோடி. மேலே உள்ள ஏழும் தனித்தனிக் குருத்தெலும்பால் நெஞ்செலும்போடு நேராகச் சேர்கின்றன. 8, 9, 10 ஆகிய மூன்றும் நேராகச் சேர்வதில்லை. தமக்கு மேலே உள்ள விலாவின் குருத்தெலும்பைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. 11, 12 முன்பக்கம் எதையும் தொடுவதே இல்லை. பின்னால் எல்லாமே முதுகெலும்போடு சிறுசிறு மூட்டுகளால் இணைந்திருக்கின்றன. ஒவ்வொரு விலாவின் அடியிலும் ஒரு நரம்பு முதுகிலிருந்து முன்பக்கம்வரை ஓடுகிறது. இத்தனை மூட்டும் தசையும் நாம் மூச்சுவிடும் ஒவ்வொரு முறையும் அசைகின்றன. சும்மா இருக்கும்போதே நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு என்றால், ஒரு நாளைக்கு 20,000 தடவை சாதாரணமாக வந்துவிடும். கை முறிந்தால் மாவுக்கட்டுப் போட்டு அசையாமல் வைக்கலாம். விலாவுக்கு ஓய்வே கிடையாது.

அடுத்த சிக்கல், நரம்புகளில். கல்லீரல், பித்தப்பை, உதரவிதானம், நுரையீரல் உறை இவற்றிலிருந்து வரும் செய்தியும், தோலிலிருந்தும் தசையிலிருந்தும் வரும் செய்தியும் தண்டுவடத்தில் ஒரே வழியில் கலக்கின்றன. எங்கிருந்து கிளம்பியது என்று மூளைக்கு எப்போதும் தெளிவாகத் தெரிவதில்லை. பித்தப்பையில் கோளாறு என்றால் வலது தோள்பட்டை எலும்பின் அடியில் வலிக்கிறது. நடுமுதுகின் மூட்டு ஒன்று இறுகினால் வலி முன்னால், மார்புக்குக் கீழே வருகிறது. மூன்றாவது சிக்கல், நாம் பெரிதும் நம்பும் படங்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்பு தெரியாது. கடுமையாக இருமி விலாவில் மயிரிழை விரிசல் விழுந்தால்கூட முதல் வாரங்களில் எக்ஸ்ரே அதைத் தவறவிடலாம். எம்ஆர்ஐ அசையாமல் படுக்கவைத்து எடுப்பது. நமக்கோ வலி திரும்பும்போதும் குனியும்போதும்தான் வருகிறது.

சில வலிகளுக்குப் பெயர் கிடைத்த கதையும் இதே மாதிரிதான். கீழ்விலா நழுவி, மேலே உள்ள விலாவின் அடியில் உரசி நரம்பை நெருக்குவதை எட்கர் சிரியாக்ஸ் என்பவர் 1919இல் விவரித்தார். இன்றைக்கும் அதைக் கண்டுபிடிக்க முதலில் உதவுவது மருத்துவரின் விரல்தான்: விலாவின் கீழ்விளிம்புக்கு அடியில் விரலை மடக்கிக் கொக்கிபோல் மாட்டி மெதுவாக முன்னே இழுத்தால் அதே வலி, சில சமயம் ஒரு சொடக்கோடு, வரும். நெஞ்செலும்பை ஒட்டிய குருத்தெலும்பு வீங்கி வலிப்பதை 1921இல் அலெக்சாண்டர் டீட்சே எழுதினார். வீக்கமில்லாமல் அதே இடம் வலிப்பதுதான் நம்மில் பலர் சீட்டில் பார்த்திருக்கும் காஸ்டோகாண்ட்ரைடிஸ். டென்மார்க்கின் பார்ன்ஹோம் தீவில் பலருக்கு ஒரே சமயத்தில் காய்ச்சலும் விலாவைப் பிய்க்கும் வலியும் வந்ததை 1930களில் ஐனர் சில்வஸ்ட் பதிவுசெய்தார். அது காக்சாக்கி என்ற வைரஸின் வேலை என்று பிற்பாடு தெரிந்தது. இளவயதினருக்கு இடது மார்பில் ஊசி குத்தினதுபோல் சில விநாடி வந்து மூச்சையே நிறுத்திவிட்டுப் போகும் வலிக்கு 1955இல்தான் மருத்துவ ஏட்டில் ஒரு பெயர் வந்தது. அதற்கு முன்னும் பிள்ளைகளுக்கு அது வந்துகொண்டுதான் இருந்தது. இந்த ஒவ்வொன்றும் பெயர் கிடைக்கும் முந்தின நாள்வரை "ஒன்றுமில்லை" என்ற கணக்கில்தான் இருந்திருக்கும்.

நாம் தனியாகவும் இல்லை. அமெரிக்காவில் கர்ட் குரோன்கி என்ற மருத்துவர் ஒரு மருத்துவமனையின் 1,000 புறநோயாளிகளின் மூன்றாண்டுக் குறிப்புகளை ஆராய்ந்து 1989இல் வெளியிட்டார். நெஞ்சுவலி, முதுகுவலி, தலைசுற்றல், அசதி போன்ற 14 சாதாரணப் புகார்களை எடுத்துக்கொண்டார். உடலில் இன்ன காரணம் என்று நிரூபிக்க முடிந்தது 16 சதவீதத்தில் மட்டும். அந்த ஆய்வை முதலில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இத்தனை பேரை இப்படியே அனுப்பிவிட்டார்களே என்று. பிறகு அதிலேயே ஒரு தைரியமும் கிடைத்தது. காரணம் தெரியாமல் இருப்பது அபூர்வமான சாபம் இல்லை. மருத்துவமனை வாசலில் நிற்கும் கூட்டத்தில் பெரும்பகுதி நாம்தான்.

நாம் குடியிருக்கும் இந்த மல்லேஸ்வரமே அப்படி ஒரு தெரியாமையில் வளர்ந்த பகுதிதான். 1898 ஆகஸ்டில் பெங்களூரில் பிளேக் புகுந்தது. நெரிசலான பேட்டைத் தெருக்களிலிருந்து மக்கள் வெளியேறினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே திட்டமிடப்பட்டிருந்த மல்லேஸ்வரமும் பசவனகுடியும் வேகமாக நிரம்பியது அதன் பிறகுதான். பிளேக்கை உண்டாக்கும் கிருமியை யெர்சின் என்ற ஆராய்ச்சியாளர் 1894லேயே கண்டுவிட்டார். ஆனால் அது மனிதனுக்கு எப்படி வருகிறது என்று யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. எலியின் உடம்பிலுள்ள தெள்ளுப்பூச்சிதான் கடத்துகிறது என்று பால் லூயி சிமோந் கராச்சியில் சோதித்துக் காட்டியது அதே 1898 ஜூன் மாதம். அவரை அப்போது யாரும் நம்பவில்லை. இந்தியாவில் நடந்த ஆராய்ச்சிகள் அதை உறுதிசெய்ய இன்னும் பத்தாண்டு ஆயிற்று. அதுவரை இங்கே வீடு கட்டியவர்கள் கைகட்டி நிற்கவில்லை. அகலமான சாலை, வீட்டுக்கு வீடு இடைவெளி, பின்பக்கம் துப்புரவுச் சந்து, காற்றும் வெளிச்சமும். முழுக் காரணம் தெரியாமலே, தெரிந்ததை வைத்து உருப்படியான காரியம் செய்தார்கள். அந்தச் சந்துகள் சிலவற்றை இன்றும் கிராஸ்களுக்கு நடுவே பார்க்கலாம். என் வலியை நினைத்து மனம் சோரும்போதெல்லாம் அந்த மனிதர்களை நினைத்துக்கொள்கிறேன்.

நாம் என்ன செய்யலாம்?

ஒரு மருத்துவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கே.சி. ஜெனரல் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவாக இருக்கட்டும், தெருமுனை குடும்ப மருத்துவராக இருக்கட்டும், தொடர்ந்து ஒரே ஆள் பார்க்க வேண்டும். நாம் செய்வது என்ன? இதயத்துக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் என்று போகிறோம். ஒவ்வொருவரும் தன் பங்கைப் பார்த்து "என் பக்கம் சரி" என்று அனுப்பிவிடுகிறார். மொத்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு யோசிக்க ஒருவரும் இல்லை. அப்புறம் நாமாகவே பணம் கட்டி ஸ்கேன் எடுக்கிறோம். அதில் ஏதாவது ஒன்று தெரிந்துவிடும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் முதுகெலும்புப் படங்களைப் பற்றியது. 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, 80 வயதில் 96 சதவீதத்தினருக்கு. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்றால் அவர்கள் எல்லோரும் துடித்திருக்க வேண்டும். எந்தப் பரிசோதனைக்கும் முன், "இதன் முடிவைப் பொறுத்து நீங்கள் செய்யப்போவது மாறுமா?" என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். மாறாது என்றால் அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வலி எந்த இடம், ஒரு விரலால் காட்ட முடிகிறதா அல்லது உள்ளங்கை அளவு பரந்திருக்கிறதா, மூச்சை இழுத்தால் கூடுகிறதா, சாப்பிட்டால் கூடுகிறதா, படியேறினால் கூடுகிறதா, எந்தப் பக்கம் படுத்தால் குறைகிறது, கொஞ்ச நாள் முன்னால் கடும் இருமலோ விழுந்ததோ உண்டா. படியேறும்போது கூடி, நின்றால் குறைவது இதயத்தை மறுபடி பார்க்கச் சொல்கிறது. திரும்பினால் மட்டும் குத்துவது மூட்டையும் தசையையும் காட்டுகிறது. எண்ணெய்ப் பலகாரத்துக்குப் பின் இரவில் வருவது பித்தப்பையை நினைவூட்டுகிறது. எலும்பெல்லாம் பொதுவாக வலித்து, நெஞ்செலும்பை அழுத்தினாலும் வலித்தால் வைட்டமின் டி அளவைப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். வெயில் கொட்டும் நாட்டிலேயே அது நம்மில் ஏராளமானவர்களுக்குக் குறைவு.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நம் வலி பல சமயம் மார்பகத்துக்குக் கீழேயோ அதன் மேலேயோ இருக்கிறது. புடவைத் தலைப்பைக் கொஞ்சம் விலக்கிக் காட்டக் கூசுகிறோம். ஆண் மருத்துவர் தொட்டுப் பார்க்கத் தயங்குகிறார். ஸ்டெத்தை மேலோட்டமாக வைத்துவிட்டு எழுதிக்கொடுக்கிறார். விலாவலியைப் பொறுத்தவரை விரலால் ஒவ்வொரு விலாவாகத் தடவி அழுத்திப் பார்ப்பதுதான் பாதி வைத்தியம். அது நடக்காவிட்டால் எந்த ஸ்கேனும் அதற்கு ஈடாகாது. "நர்ஸ் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு சரியாகப் பரிசோதியுங்கள்" என்று கேட்பது நம் உரிமை. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் அதையும் கேட்கலாம். மார்பகப் புற்றுநோய் என்று உள்ளுக்குள் பயந்து, அந்தப் பயத்தை வெளியே சொல்லாமலே மாதக்கணக்கில் இருக்கும் அக்காமார்களை எனக்குத் தெரியும். வலி மட்டும் இருப்பது பெரும்பாலும் புற்றுநோயின் அடையாளம் இல்லை. ஆனாலும் கட்டியோ தோல் சுருக்கமோ இருக்கிறதா என்று ஒருமுறை காட்டிப் பார்த்துவிட்டால் அந்தப் பாரம் இறங்கும். சொல்லாத பயத்தை எந்த மருத்துவரும் போக்க முடியாது.

பரிசோதனை முடிந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னால், எழுந்துவிடாதீர்கள். எவையெவை இல்லை என்று உறுதியாகிவிட்டது, உங்கள் ஊகத்தில் இது எதுவாக இருக்கலாம், என்ன நடந்தால் நான் உடனே வர வேண்டும், ஒன்றும் நடக்காவிட்டால் அடுத்து எப்போது வர வேண்டும். இந்த நான்கையும் கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். நல்ல மருத்துவர்கள் இதற்குக் கோபப்படுவதில்லை. எனக்கு அந்தக் காகிதம் கிடைத்த பிறகுதான் இரவில் எழுந்து உட்கார்ந்து யோசிப்பது குறைந்தது. நடுராத்திரியில் குத்தினால் அதை எடுத்துப் படிப்பேன். அதில் எழுதியிருக்கும் அபாயம் எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டு படுத்துவிடுவேன்.

மூன்றாவது கேள்விக்கான பதிலில் சிலவற்றை நானே சொல்லிவைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, சளியில் ரத்தம் இருந்தால் காசநோய்க்கான பரிசோதனை தள்ளிப்போடக் கூடாதது. நுரையீரல் உறையில் நீர் கோத்தாலும் விலாக்குத்து வரலாம். திடீர் மூச்சிரைப்போடு ஒரு காலில் வீக்கம் இருந்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே போக வேண்டும். ஒரே பக்கத்தில், பட்டைபோல் எரிச்சலும் வலியும் வந்து சில நாளில் கொப்புளம் தெரிந்தால் அது அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை ஆரம்பித்தால் பலன் அதிகம். ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு, எப்படிப் படுத்தாலும் மாறாமல் இரவெல்லாம் எலும்புக்குள் வலிப்பதும், முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வரும் விலாவலியும் "பார்க்கலாம்" என்று விடக்கூடியவை இல்லை.

இவை எதுவும் இல்லாமல் வலி மட்டும் இருக்கிறதா? அப்போது உடம்பு தன்னைத்தானே காத்துக்கொள்ளச் செய்யும் காரியங்களே வலியை நீட்டிக்கத் தொடங்கும். பயந்து மேல்மூச்சாகவே விடுகிறோம், விலாவுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகுகின்றன, இறுகியது வலிக்கிறது, வலிப்பதால் இன்னும் பயப்படுகிறோம். விலாவைச் சுற்றி பெல்ட்டோ கிரேப் பேண்டேஜோ இறுக்கிக் கட்டுவது பழைய வழக்கம். ஆழமாக மூச்சுவிட முடியாமல் சளி கட்டுவதால் அதை இப்போது பரிந்துரைப்பதில்லை. வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மல்லாந்து படுத்து வயிற்றில் கைவைத்து, கை மேலெழும்படி நிதானமாக மூச்சுவிடுங்கள். வலிக்கும் பக்கம் சின்னத் தலையணையை அணைத்துக்கொண்டு இருமுங்கள். லேப்டாப்பில் குனிந்தே உட்கார்ந்திருப்பவர்கள் அவ்வப்போது எழுந்து முதுகை நிமிர்த்தித் தோளைச் சுழற்றுங்கள். நடுமுதுகை நன்றாகக் கையாளத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் அவரைவிட நல்ல துணை இல்லை. மருந்துக்கடையில் நாமாக வாங்கும் வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்காதீர்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் சிறுநீரகத்தையும் எல்லோருடைய வயிற்றையும் அவை பதம்பார்த்துவிடும். நடையை நிறுத்தாதீர்கள். ஏரியை முழுச் சுற்றுச் சுற்ற முடியாவிட்டால் பாதி போய்த் திரும்புங்கள்.

இன்னொன்று, மிகவும் நொந்து சொல்கிறேன். "இது உங்கள் மனசில்தான்" என்று நம்மிடம் சொல்லப்பட்டிருக்கிறது. சொன்னவருக்கு அது ஒரு வாக்கியம். கேட்ட நமக்கு, பொய் சொல்கிறோம் என்ற குற்றச்சாட்டு. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2020இல் வலியின் வரையறையைத் திருத்தி எழுதியபோது, உடல் திசுவில் சேதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வலி வலியே என்பதை ஏற்றுக்கொண்டது. ஒருவர் வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தே எழுதியது. நீண்ட நாள் வலியில் தண்டுவடத்து நரம்புகளே கூர்மையாகிவிடுகின்றன, சின்னத் தொடுதலையும் வலியாக மேலே அனுப்புகின்றன என்று ஆராய்ச்சியாளர் கிளிஃபர்ட் வூல்ஃப் 1983லேயே காட்டினார். அதனால் மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போவதால் வலி பொய்யாகிவிடாது. நிமான்ஸ் போன்ற மனநல மருத்துவமனை இருக்கும் ஊரில் இருந்துகொண்டு அந்த உதவியை ஒதுக்குவது நமக்குத்தான் நஷ்டம். பயத்தின் பங்கைக் குறைத்தால் வலியின் பங்கு எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும். மருத்துவருக்கும் அது உதவும்.

வீட்டிலிருப்பவர்களிடம் இந்த மடலைக் காட்டுங்கள். அவர்களும் களைத்துப்போயிருக்கிறார்கள். தினமும் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, என்ன பதில் வந்தாலும் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அவர்களிடம் நாம் எதிர்பார்ப்பது வைத்தியம் இல்லை. குக்கரைத் தூக்கி வைக்கட்டும். மாடியில் துணி உலர்த்தட்டும். மருத்துவரிடம் போகும்போது கூட வந்து, நாம் மறந்துவிடும் கேள்வியை நினைவுபடுத்தட்டும். வலியைப் பற்றிப் பேச மாலையில் கொஞ்ச நேரம் ஒதுக்கிக்கொண்டு, மீதி நேரம் பிள்ளைகளின் படிப்பையும் பதினெட்டாவது கிராஸ் மைதானத்துக் கிரிக்கெட்டையும் பேசுவோம் என்று எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். அது எங்களுக்கு நன்றாக வேலை செய்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வயதானவர்கள் பலர் தமிழில்தான் வலியைச் சரியாகச் சொல்ல முடியும். "மூச்சுப் பிடிப்பு", "சுருக்குன்னு குத்துது", "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்பதையெல்லாம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சொல்லத் தடுமாறி, "பெயின்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலான நாட்களில் காலை ஏழு மணிவாக்கில் சாங்கி ஏரியின் நடைபாதையில் இருப்பேன். பையில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கும். வந்து சொல்லுங்கள், மருத்துவரிடம் காட்டவேண்டிய அந்தத் தாளைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதித் தருகிறேன். நான்கு கேள்விகளையும் அதன் அடியில் எழுதிவிடுவோம்.

அன்புடன்,
உங்களைப்போல் விலாவலியுள்ள ஒருத்தி
மல்லேஸ்வரம், பெங்களூரு